தனி ஓட்டம் எனக்கு வேண்டாம்

நீங்கள் செய்தது பச்சை அநியாயம் சேர். வாயைத் திறந்து சொல்லிப்போட்டன், இனி எனக்கென்ன. கழுத்தில விசில் தொங்குது எண்டாப்போல ஒரு மனுசியை ஒரு சொல்லில வெளிய தள்ளிப்போடலாமோ?

இல்லையில்லை, நீங்கள் எழும்ப வேண்டாம். சுற்று எண்ணிற பலகையைத் திருப்புங்கோ. வெங்கட்ராமனுக்கு இன்னும் எத்தினை? நாப்பத்தொண்டோ. நல்லது. சிங்கப்பூரில இருந்து வந்த மனுசன், இந்த ஐஸில நூறு சுற்றும் சறுக்கி முடிக்காமல் விடமாட்டார். அவர் முடிக்காமல் நீங்களும் இந்தக் கதிரையை விட்டு எழும்பேலாது. அதுதான் பாத்துப் பாத்து இப்ப வந்தனான். பென்டில் ஹில்லில பன்ரண்டு வருசமா மீன் விக்கிறன் சேர். ஆளைப் பேரத்துக்கு எப்ப பிடிக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.

நான் ஆரெண்டோ? தனேஸ்வரி. பெண்கள் மூவாயிரம் மீற்றரில விழுந்த ரெண்டு பேரில ஒராள். ஓம், நீங்கள் ஆருக்குச் சார்பாத் தீர்ப்புச் சொன்னியளோ, அந்த ஆள்தான். உதென்ன அப்பிடிப் பாக்கிறியள்? சார்பாச் சொன்னா சண்டைக்கு வரக்கூடாதெண்டு உங்கட புத்தகத்தில இருக்கோ?

தீர்ப்பு எனக்கு வடிவா விளங்கினது. நோர்வேக்காரி உள்பாதையால வந்தவ, நான் வெளிப்பாதையால வந்தனான், பாதை மாறேக்க அவதான் எனக்கு வழி விட்டிருக்கவேணும். விடேல்லை, இடிபட்டம். அவ போட்டியை விட்டு வெளிய. நான் இளைப்பாறிப்போட்டு, ஆம்பிளையளின்ர ஓட்டம் முடியத் தனிய ஓடலாம். அதுதான் வேண்டாமெண்டு சொல்லுறன். எனக்குத் தனி ஓட்டம் வேண்டாம். அவவையும் சேத்து, அதே சோடியா, திரும்ப ஓட விடுங்கோ. நான் கேக்கிறது அவ்வளவுதான்.

சட்டமோ. ஓம், உங்களுக்குச் சட்டம் பெரிசு. மெட்ராஸ் பக்கம் ரயில்வேயில சிக்னல் பாத்த மனுசனாம், நரசிம்மன் சேர் இருந்தாக் குழப்பம் வராதெண்டு சொல்லித்தானே உங்களைத் தலைமை நடுவராப் போட்டவை. ஆனால் சேர், ஒரு சுற்று நானூறு மீற்றர் இருக்கவேணுமெண்டும் அதே சட்டத்தில தானே கிடக்கு? இது சின்னப்பிள்ளையள் ஹொக்கி விளையாடுற இடம். இழுத்துப் பிடிச்சு அளந்தாலும் நூறு வராது. காலமை ஐஸுக்கு மேல குத்துவிளக்கை வைச்சு ஏத்தினியள், இந்த இடத்து வெள்ளைக்காரப் பெட்டை நெருப்பணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சறுக்கி வந்தவள். பிறகு பிரதம விருந்தினர் அம்பது நிமிசம் கதைச்சார், முதல் ஓட்டக்காரருக்குக் கால் விறைச்சுப் போச்சு. அதெல்லாம் எந்தப் பக்கத்தில எழுதியிருக்கு? உலகத் தமிழர் சகலதூரச் சறுக்கோட்டப் போட்டி எண்டு பெரிசா பனர் கட்டியிருக்கு, பெண்கள் பக்கம் ஏழு பேர், அதில நாலு பேருக்குக் கம்பியைப் பிடிக்காமல் நிக்கத் தெரியாது. அவ்வளவுக்கும் வளைஞ்ச சட்டம் எனக்கு மட்டும் வளையாதோ?

ஐயோ, வெங்கட்ராமன் விழுந்திட்டார். இருங்கோ, விசில் ஊதாதேங்கோ. எழும்புறார். முழங்காலில நிக்கிறார். ஆ, வெளிக்கிட்டிட்டார். முப்பத்தெட்டெண்டு திருப்புங்கோ.

சும்மா கேக்கேல்லை, ஒண்டு தந்து ஒண்டு கேக்கிறன். என்ர நேரத்தோட பத்துச் செக்கன் கூட்டுங்கோ. வேண்டாமோ? இருவது. இப்ப புள்ளியில நான் மூண்டாம் இடம், அதை எடுத்து மலேசியாக்காரி பத்மாவுக்குக் குடுங்கோ. உங்கட வீட்டுக்கு ஒரு பெட்டி அறக்குளா மீன் அனுப்பிவிடுறன், துண்டு போட்டு, சுத்தம் பண்ணி. ஓ, நீங்கள் மச்சம் சாப்பிடுறேல்லை. மறந்துபோனன், குறை நினையாதேங்கோ. தேங்காய்ப்பால் பெட்டி? அதுவும் வேண்டாமோ. உங்களோட வியாபாரம் பண்ணுறது பெரிய கரைச்சல் சேர்.

நீங்கள் நினைக்கிறியள் பதக்கத்துக்கு ஆசைப்பட்டு வந்தவள் எண்டு. இல்லை. ஆனால் ஒண்டு சொல்லுவன், உந்தப் புள்ளிக் கணக்கு எனக்குப் பிடிச்சது. நாலு தூரம் ஓடவேணும், நாலின்ர நேரத்தையும் ஐந்நூறு மீற்றர்க் கணக்குக்குப் பிரிச்சுக் கூட்டி, குறைஞ்ச ஆளுக்குப் பரிசு. ஒண்டிலயும் முதலாவதா வரத் தேவையில்லை. எல்லாத்திலயும் அங்கயொரு செக்கன் இங்கயொரு செக்கன் குறைச்சுக்கொண்டு வந்தாச் சரி. விடியக்காலமை மீன் சந்தையில நான் செய்யிறதும் அதுதானே. என்னைப் பழக்கினவளுக்கு நாலு தரம் சொல்லியும் விளங்காத கணக்கு எனக்கு ஒரே தரத்தில விளங்கிச்சுது.

ஓம், ரெண்டே மாதம்தான் பழகினனான். வயசு அம்பத்திரண்டு. காலமை ஆறு மணிக்குப் போனா அஞ்சு வயசுப் பிள்ளையள்தான் வரும், எல்லாருக்கும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு ஒரு பிளாஸ்ரிக் பென்குயின் குடுப்பினம். நானும் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு சீனப் பிள்ளை அது தன்ர பென்குயின் எண்டு அழுதது. நான் குடுக்கேல்லை. முதல்ல எடுத்தது நான்.

எதுக்கு இந்தப் பாடெண்டு கேக்கிறியள். சங்கத்து ஆக்கள் என்ர கடைக் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டினவை, எந்தெந்த நாட்டில இருந்து ஆர் ஆர் வருகினமெண்டு. நோர்வேக்கு நேர சந்திரிகா எண்டு கிடந்தது. படத்தோட. அண்டைக்கே பேர் குடுத்திட்டன்.

அவ ஆரோ? என்ர அக்கா, சேர். ஒரே வயித்தில பிறந்தது.

உங்களுக்கு எப்பிடித் தெரியும், நாங்கள் தான் மூண்டு நாளா ஒரு சொல்லும் கதைக்கேல்லையே. முந்தநாள் சங்கத்து ஆக்கள் சாப்பாடு தந்தவையெல்லோ, அந்த மண்டபத்தில எங்களை ஒரே மேசையில இருத்தி விட்டினம். நடுவில பத்மா. அக்கா அவவைப் பாத்துச் சொல்லுறா, உவவுக்கு உப்பு வேணுமோ எண்டு கேளுங்கோ. பத்மா என்னட்டைத் திரும்பி, உங்களுக்கு உப்பு வேணுமா. நான் பத்மாவிட்ட, வேண்டாம், காணும் எண்டு சொல்லுங்கோ. பாவம், அந்த மனுசி இரவு முழுக்கத் தமிழிலயிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப்போட்டுப் பசியோட போனவ.

பதினாலு வருசம் சேர். நான் படகில வந்தனான், ரெண்டு வருசம் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குள்ள அடைச்சு வைச்சவங்கள். அம்மா அக்காவோட நோர்வேயில இருந்தவ. நான் உள்ளுக்க இருக்கேக்க அம்மா போயிட்டா. எரிச்சு, எட்டாம் நாள் செலவுச் சடங்கும் முடிச்சு, பதினேழாம் நாள் அக்கா ஃபோன் எடுத்துச் சொல்லுறா. அடைபட்டுக் கிடக்கிறவள் தாங்கமாட்டாள் எண்டு நினைச்சவவாம். ஆர் நினைக்கச் சொன்னது? அங்க ஃபோனுக்கு வரிசையில நிக்கவேணும். எனக்குப் பின்னால எட்டுப் பேர். அவையளுக்கு முன்னால தான் சொன்னனான், இனி உன்னோட எனக்கொரு கதையும் இல்லை எண்டு. வைச்சிட்டன்.

மகள் விஷாலினி இப்பவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மம், ஜஸ்ட் டெக்ஸ்ட் ஹெர், ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது, எண்டு. அவளுக்கு என்ன தெரியும். நானாப் போய்க் கேட்டா, பதினாலு வருசம் நான் வைச்சிருந்த விலை என்னாகிறது? அக்காவும் அதே ஆள். அவவும் வாய் திறக்கமாட்டா. நேருக்கு நேர் எண்டா ரெண்டு பேரும் கல்லு.

இருங்கோ, அவர் தண்ணி கேக்கிறார். குடுத்திட்டினம். இருவத்தாறு. ஓம், சரியா எண்ணுறியள்.

பேந்து நீங்கள் தான் சேர் சீட்டுக் குலுக்கி எங்களைச் சோடி சேர்த்தனீங்கள். மூவாயிரம், முப்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலயும் ஒருக்கால் பாதை மாறவேணும், அந்த ஒரு இடத்தில மட்டும் ரெண்டு பேரும் கிட்ட வருவம். முப்பது வருசம் பனி நாட்டில இருக்கிற மனுசி, என்னை எப்பவோ விட்டுட்டுப் போயிருக்கவேணும். போகேல்லை. மெதுவா, என்ர வேகத்துக்கு வாறா. கிழண்டிட்டா எண்டு நினைச்சு உள்ளுக்க ஒரு சந்தோசம் எனக்கு.

பதினெட்டாம் சுற்றில, மாறுற இடத்தில, தனா எண்டா.

நான் திரும்பேல்லை. காலைத் தள்ளிக்கொண்டு போயிட்டன். அடுத்த சுற்று, அதே இடம், அம்மா போகேக்க எண்டா. அதோட அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த ஒரு சுற்று எவ்வளவு நீளமெண்டு உங்களுக்குத் தெரியாது சேர். உங்கட கணக்கில நூறு மீற்றரும் இல்லை. திரும்பக் கிட்ட வந்தா. அம்மா போகேக்க உனக்கெண்டு ஒரு, எண்டா.

நான் நிண்டிட்டன். ஐஸுக்கு நடுவில, ரெண்டு காலையும் ஊண்டி, கட்டை மாதிரி. நிப்பனெண்டு அவவுக்குத் தெரியுமோ? வந்து இடிச்சுப்போட்டா. அவவில பிழையே இல்லை. நீங்கள் விசிலை ஊதி, நாலு பேர் வந்து, அவவை அந்தக் கதவால, என்னை இந்தக் கதவால இழுத்துக்கொண்டு போயிட்டினம்.

ஒரு என்ன சேர்? மூண்டு மணித்தியாலமா யோசிக்கிறன். ஒரு காப்போ? ஒரு கடதாசியோ? ஒரு சொல்லோ, ஒரு திட்டோ? அம்மாவுக்குத் திட்டும் நல்லா வரும். பத்மாவை அனுப்பிக் கேப்பிக்கலாமெண்டு சொல்லாதேங்கோ. உப்பு இல்லை இது, இன்னொருத்தி வாயால வாங்கிறதுக்கு. ஐஸில எண்டா நான் கேட்டதாகவும் இல்லை, அவ இறங்கி வந்ததாகவும் இல்லை. பாதை மாறவேணும், கிட்ட வந்தம், காதில விழுந்தது. அவ்வளவுதான்.

என்ன, பிழை என்ர எண்டா என்னை வெளிய போட்டுட்டு அவவைத் தனிய ஓட விடுவியளோ? கடவுளே, ரயிலோட இருந்திருந்தா என்ன நீங்கள்.

நாளைக்கு விடிய அவவுக்கு விமானம் சேர். இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு ஐஸை ஹொக்கிப் பிள்ளையளுக்குக் குடுக்கவேணும். எனக்கு முப்பது சுற்றும் வேண்டாம், ஒண்டு காணும். நீங்கள் தான் சோடி சேர்த்தனீங்கள், நீங்கள் தான் பிரிச்சனீங்கள், நீங்களே சரியாக்குங்கோ. பேனையை எடுங்கோ. ரெண்டு பேரிலயும் பிழையில்லை, திரும்ப ஓடலாம் எண்டு எழுதி, கீழ கையெழுத்தைப் போடுங்கோ.