வருங்கால மாமனார் காருக்கு ஆயில் மாத்தினவன்

ஹலோ… ஹலோ, சொல்லுடா தம்பி… என்ன குசுகுசுன்னு பேசற?… சத்தமாப் பேசு, இங்க சர்வீஸ் சென்டர்ல மெஷின் சத்தம் காதைப் பொளக்குது… எங்க இருக்க?… காருக்கு அடியிலயா! யாரு காரு? உனக்கு ஏது காரு?…

ஆடிட்டர் காரா… தெரியுது, தெரியுது, எந்த ஆடிட்டர்னு. வேற எந்த ஆடிட்டருக்கு நீ காதலிக்கற மாதிரி ஒரு பொண்ணு… சரி, கோவிச்சுக்காத. அந்த மனுஷன் உன்னை வாசப்படி ஏறவே விடமாட்டார்னு சொன்னியே, காருக்கு அடியில எப்படி விட்டார்?…

ஓ… ஆயில் மாத்தணும்னு அவர் சொல்ல, நான் மாத்தித் தரேன் அங்கிள்னு நீ சொல்ல… எங்க அக்கா சர்வீஸ் சென்டர் மேனேஜர், எனக்கு இதெல்லாம் கைவந்த கலைன்னு… அடப்பாவி! அக்கா டாக்டரா இருந்திருந்தா அவருக்கு ஆபரேஷனே பண்ணியிருப்ப போலயே…

ஆமா… ஆமா… அது கெடக்கட்டும், இப்ப என்ன ஆச்சு?…

பழைய ஆயிலை வடிச்சுட்ட. நட்டை முடுக்கிட்ட. புது ஆயிலை ஊத்திட்ட. பரவால்லயே!… டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தியா?… துணியால துடைச்சுட்டு மறுபடி விட்டு எடுத்தியா?… ம்… ம்… கம்பில ரெண்டு கோடு இருக்கும், ஆயில் அந்த ரெண்டுக்கும் நடுவுல… மேல் கோட்டையும் தாண்டி நிக்குதா? எவ்வளவு தாண்டி?… பாதிக் கம்பி நனைஞ்சிருக்கா!…

ஒரு நிமிஷம் இரு… சார், உங்க வண்டி கழுவிட்டிருக்காங்க, உக்காருங்க, வந்துடும்… ஆ, சொல்லு. சொன்ன அளவுதானே ஊத்தின?… அப்புறம் எப்படி… டேய். நீ வடிச்ச ஆயில் என்ன கலர்ல இருந்துது?… கருப்பா இல்லையா?… செவப்பாவா? இருமல் மருந்து மாதிரியா?… சிரிக்கல… சிரிக்கலடா… சரி, சிரிக்கறேன்தான். இரு, தண்ணி குடிச்சுக்கறேன்…

தங்கமே. நீ வடிச்சது எஞ்சின் ஆயில் இல்ல, கியர் பாக்ஸ் ஆயில்… ஆமா. அடியில ரெண்டு நட்டு இருக்கும். நீ வீடு மாத்திக் கதவைத் தட்டிட்ட… ஆமா, எஞ்சின்ல பழசு அப்படியே இருக்கு, அதுக்கு மேல புதுசையும் ஊத்தியிருக்க. ஒருத்தன் மூச்சு முட்டக் குடிச்சுட்டு நிக்கறான், பக்கத்துல இன்னொருத்தன் பட்டினி…

ஸ்டார்ட் பண்ணியா?… உண்மையைச் சொல்லு… அப்பாடா, பொழச்ச. சாவி யார்கிட்ட?… அவர் எங்க?… குளிக்கறாரா… குளிச்சுட்டு அவர் வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரா? கால்ல கட்டுப் பிரிக்கவா? இந்தக் கார்லயா!…

என்னது, பேட்டரி டவுன்னு சொல்லிடவா?… வேண்டாம்… வேண்டாங்கறேன்ல. நீ பேட்டரிம்ப, அவர் சாவியைத் திருகுவார், அது ஜம்முன்னு ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள கியர் பாக்ஸ் அரைபட்டுத் தூளாயிடும். நடு ரோட்டுல, கால் கட்டோட அந்த அம்மாவை வெச்சுக்கிட்டு… யோசிச்சுப் பாரு… அதுவும் ஆடிட்டர்கிட்ட! அடுத்தவன் ஒளிச்சு வெச்சதைத் தோண்டி எடுக்கறதுதான்டா அவர் பொழப்பே…

கேளு. இப்ப விளையாட்டுக்குச் சொல்லல. நேரா உள்ள போ. தப்புப் பண்ணிட்டேன், காரை எடுக்காதீங்கன்னு சொல்லு… பொண்ணு குடுக்க மாட்டாரா? குடுக்காட்டி போகட்டும். காரைக் கெடுத்தவன்னு பேர் வந்தா தாங்கிக்கலாம். தெரிஞ்சே அதுல ஏத்தி அனுப்பினவன்னு வரக்கூடாது… ம்… எங்க மெக்கானிக்கை கியர் ஆயிலோட இப்பவே அனுப்பறேன். அவங்களுக்கு ஒரு டாக்ஸி பிடிச்சுக் குடு… பயமாத்தான் இருக்கும். நான் லைன்லயே இருக்கேன். போனைக் கையில வெச்சுக்கிட்டே போ…

…

…வந்துட்டார் போலிருக்கு… வாயைத் தொற… முழுங்காதடா, சொல்லு… ம்… ம்… அப்படித்தான்… முழுசாச் சொல்லு…

…

ஹலோ?… ஐயோ, வணக்கம் சார்! அவன் அக்காதான் பேசறேன்… கேட்டுட்டுத்தான் இருந்தேன்… ஆமாம் சார்… ஆமாம்… மன்னிச்சுக்கணும் சார்… இல்ல சார், ஸ்டார்ட் பண்ணாததால ஒண்ணும் கெடல. எஞ்சின்ல ரெண்டையும் வடிச்சுட்டு அளவா ஊத்தணும், கியர் பாக்ஸை நிரப்பணும். சாயங்காலம் நீங்களே ஓட்டலாம்… என்ன சார்?… அவன் மூஞ்சி பூரா ஆயிலா?… காது வரைக்குமா?… சார், சிரிக்கறீங்களா?… இல்ல, நீங்க சிரிப்பீங்கன்னே அவன் சொன்னதில்ல…

நான் சொல்லித்தான் வந்து சொன்னானான்னா கேக்கறீங்க?… உங்ககிட்ட மறைக்க முடியுமா சார், நான்தான் சொன்னேன். ஆனா நடந்து வந்தது அவன்தான். வாசக் கேட்டு தொறந்துதானே இருந்துது, அந்தப் பக்கமும் நடந்திருக்கலாம்…

ம்… ம்… அப்பா அம்மாவையா? ஞாயித்துக்கிழமையா? சார், காரு இன்னிக்கே சரியாயிடும், அவங்க எதுக்கு… ஓ… ஓ!… காரைப் பத்தி இல்லையா… சரிங்க சார்… கண்டிப்பா… கண்டிப்பா வருவோம் சார்… வீட்டம்மாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க… அவன்கிட்ட குடுங்க…

டேய்… என்ன சொன்னாரா? உன்னை இனிமே எந்த வண்டிப் பக்கமும் விட வேண்டாம்னார்… ஆமா… சைக்கிளுக்குக்கூட காத்தடிக்க விடாதீங்கன்னார்… அப்புறமா? அப்புறம் அப்பா அம்மாவை ஞாயித்துக்கிழமை வரச் சொன்னார்… திட்டறதுக்கு இல்லடா மண்டு! கல்யாணம் பேச…

ஹலோ?… ஹலோ… லைன்ல இருக்கியா?… டேய், அழறியா?… அழு, அழு, தப்பில்ல… ஐயையோ, இரு, அந்தக் கையால கண்ணைத் துடைக்காத! கை பூரா ஆயிலு… டேய்… துடைச்சுட்டியா… எரியுதா?… ஓடு, ஓடு, தண்ணி விட்டுக் கழுவு… மூஞ்சியைத் துடைக்கறேன்னு மாமனார் துண்டை எடுத்துடாதடா!… எடுத்துட்டியா…

வெச்சுடறேன்.