தெரிஞ்சிகினே போட்ட தப்பு

எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பி, கெமிக்கல் வாடை பஸ்ஸுக்குள் ஏறியது. ஜன்னல்களை இழுத்து மூடிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்த என் பழைய வகுப்பறை ஒரு கணம் நினைவில் வந்து போனது. முன்சீட்டில் ஒரு அம்மா, பக்கத்தில் இருந்த டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ண இனிமே கெட்டிக்காரின்னு சொல்லாதீங்க டீச்சர்."

"நான் எங்க அப்படிச் சொன்னேம்மா? இந்தத் தடவை கணக்குல பாதி தப்பு. திட்டித்தான் அனுப்பினேன்."

"தெரிஞ்சிகினே தப்பா போட்டுகீது. வூட்ல அதே கணக்க மளமளன்னு போடுது."

டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கினார். "எதுக்கு அப்படிச் செய்யணும்?"

"மொதல்ல முடிச்சா, செவப்பு பேனா குடுத்து மத்த புள்ளைங்க நோட்ட திருத்தச் சொல்றீங்க இல்ல. இப்ப ஒருத்தியும் அதுகூட சோறு துன்ன மாட்டேன்றா. 'குட்டி டீச்சர், நீ போய் ஸ்டாஃப் ரூம்ல துன்னு'ன்றாளுங்க."

"நாப்பது பிள்ளைங்கம்மா. சும்மா உட்கார்ந்தா அவளுக்கு போரடிக்குமேன்னுதான்..."

"அதுக்கு இன்னும் கஷ்டமா கணக்கு குடுங்க. உங்க வேலைய குடுக்காதீங்க. பத்து வயசுதான் ஆவுது."

தேரடி ஸ்டாப்பில் எழுந்த டீச்சர், இறங்கும்போது திரும்பிக் கேட்டார்.

"மத்தியானம் எங்கதான் உட்கார்ந்து சாப்பிடுறா?"

"கேட்டா சொல்ல மாட்டேங்குது. டப்பா அப்டியே திரும்பி வருது. அங்க நீங்கதான் கீறீங்க. நாளைக்கு பாத்துட்டு எனக்கு நீங்க சொல்லுங்க டீச்சர்."