மூன்று கீறல்

இந்தப் பலகையை உங்கள் மேசைமேல் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா, இன்ஸ்பெக்டர் ஐயா? தரை ஈரமாக இருக்கிறது. மெராந்திப் பலகை ஈரத்தில் கிடந்தால் வளைந்துவிடும், பிறகு எவ்வளவு இழைத்தாலும் நேராகாது. காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். மழைக்குப் பயந்து சாக்குச் சுற்றியிருக்கிறேன்.

ஆமாம், எங்கள் சமையலறை அலமாரியின் நடுத்தட்டுதான் இது. என் மைத்துனர் தேவதாஸ் செத்துப்போனதை விசாரிக்க நீங்கள் வந்தபோது பார்த்த அதே பலகை. விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். கண் தெரியாத என் மனைவி கோகிலா, சீனி என்று நினைத்து எலி மருந்தைக் காப்பியில் போட்டுவிட்டாள் என்று. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் விசாரணை முடிவில் ஒரு வரி வாசித்தார்கள் பாருங்கள், 'அலமாரி முறையாகச் செய்யப்படாததால் நேர்ந்த தவறு' என்று, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நேரில் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நான் தச்சன் இல்லை, ஐயா. ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை. மரவேலை கையோடு வந்த பழக்கம். எது எங்கே இருக்கவேண்டுமோ அது அங்கே இருக்கவேண்டும், அது என் குணம். கோகிலாவுக்குக் கண் தெரிந்த காலத்தில் இந்தக் குணம் பிடிக்கவில்லை. கரண்டியை இடம் மாற்றி வைப்பாள், நான் எடுத்துச் சரியாக வைப்பேன். "இந்த வீட்டுல மூச்சு விடறதுக்குக்கூட ஒங்ககிட்ட எடம் கேக்கணும் போல" என்பாள். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது தகரப் பெட்டியில் துணிமணி கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவள் அண்ணன் தேவதாஸ் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், டாக்டருக்கு உதவியாள். அவருக்குத் தந்தி அடிக்கச் சொல்லி என்னிடமே கேட்டாள். நாளைக்கு அடிக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன் என்று தள்ளினேன். அந்த வருடம்தான் அவள் கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வெள்ளைக்காரர், இங்கிலீஷில்தான் பேசினார். புரை விழுந்திருக்கிறது, முற்றட்டும், கீறி எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடும் என்று என்னிடம் சொன்னார். கோகிலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெளியே வந்ததும், "நரம்பு செத்துப்போச்சாம், இனி ஒண்ணும் செய்ய முடியாதாம்" என்றேன். திரிஷா என்கிற சைக்கிள் வண்டியில் வீடு வரும்வரை அவள் என் கையை விடவில்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவளாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கண் போனபிறகுதான் எங்கள் குடும்பம் குடும்பமாக இருந்தது. டாக்டர் கைவிட்டார் என்றதும் அவள் சாமியிடம் போனாள். மாசி மகத்தன்று சன்னாசிமலைக் கோயிலில், கண் தெரியும்வரை சீனி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். காப்பி, பாயசம், எதிலும் இனிப்பு நாக்கில் பட்டதில்லை. ருசி பார்க்கக்கூட விரலை வாயில் வைக்கமாட்டாள். எனக்கோ இனிப்பு நீர் வியாதி, நானும் சீனி போடுவதில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சீனி டின் விருந்தாளிக்கு மட்டும்தான்.

அவள் அடுப்படியில் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்த அலமாரியைச் செய்தேன். இடித்த வீடு ஒன்றிலிருந்து நல்ல சட்டங்கள் கிடைத்தன. தட்டுகளுக்கு மட்டும் மரக்கிடங்கில் மெராந்தி எடுத்தேன். எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கு அடியிலும் தண்ணீர்க் கிண்ணம். கையைக் கொடுங்கள், ஐயா. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. பலகையின் முன்னோரத்தில் கட்டைவிரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். ஒரு கீறல், அதற்கு நேர் பின்னால் உப்பு. இரண்டு கீறல், புளி. மூன்று கீறல், சீனி. நான்கு, காப்பித்தூள். இப்போது உள்ளே தடவுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. அந்தந்த டின்னின் அடிப்பாகத்தை வைத்து வரைந்து, உளியால் தோண்டியது. புளி ஜாடி உப்பின் குழியில் உட்காராது, சீனி டின் வேறு எங்கேயும் உட்காராது. அவள் விரல் நடக்கிற ஓரம் என்பதால் உப்புத்தாள் போட்டுப் போட்டு என் தோல்தான் உரிந்தது. ஒரு சிராய் குத்தக்கூடாது பாருங்கள். சரி, கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.

முதல்நாள் அவள் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னங்க, எங்கண்ணு இப்ப வெரல்ல இருக்கு" என்றாள். பின்வீட்டுச் சிவகாமி அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மா கம்போங் செட்டிக்காரர், சாமியும் பேரும் நம்முடையது, ஆனால் மலாய்தான் பேசுவார். அவருங்கூடக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, "பாண்டாய், பாண்டாய்" என்று என்னைக் கெட்டிக்காரன் என்றார். நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

இந்த நிம்மதிக்குள்தான் தேவதாஸ் மச்சான் வந்தார். சுதந்திரம் கொண்டாடி முடித்த வாரம், தெருவில் தோரணம்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. நல்ல மனிதர், வஞ்சகம் தெரியாதவர். வந்து உட்கார்ந்ததும் தங்கச்சியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மாப்பிள்ள, இது வெறும் புரைதானே. நரம்பு செத்துப்போச்சுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"பேரு ஞாபகம் இல்ல, மச்சான்."

"பரவால்ல, ஆஸ்பத்திரியில கேட்டா தெரிஞ்சிடப்போவுது. நாளைக்குக் காலையில இவளக் கூட்டிக்கிட்டு அங்கதான் போறேன். அந்த ஆள நாலு வார்த்தை கேக்கணும்." பிறகு அவள் தலையைத் தட்டி, "நாட்டுக்கு மெர்டேக்கா வந்தாச்சு, கோகிலா. இனி ஒனக்கும் மெர்டேக்காதான்" என்றார்.

"அண்ணே, நெசமாவா சொல்ற? ஐயோ, முருகா!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "கண்ணு வந்ததும் ஒங்கூட சிங்கப்பூருக்கு வந்துடறேண்ணே. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம், ஐயா, ஜப்பான்காரன் காலத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான் சொன்ன பொய் ஒரு ராத்திரிக்குமேல் நிற்காது. அது போகட்டும். அன்று சாயங்காலம் நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் தகரம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி இருக்கும்வரை அவளுக்கு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அவள் எனக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாள். அதைக் கலைக்க வந்தவரைத்தான் நான் எடுத்து அப்பால் வைத்தேன். வேறு ஆளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

எலி மருந்து முன்பு குளியலறைப் பக்கம் இருந்தது. அன்று ராத்திரி அதைக் கொண்டுவந்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன், பிறகு பார்க்கிறவர்கள் அவள் கைதவறியது என்று நம்புவதற்காக. இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். அவள் குழம்பினாள் என்று எல்லாரும் நம்பவேண்டுமானால், குழம்புகிற மாதிரி ஓர் இடம் அல்லவா செய்திருக்கவேண்டும்? சீனி டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். கீறலைக்கூட மழுக்கியிருக்கலாம். கை கேட்கவில்லை, ஐயா. அடித்தட்டில், தனி அறையாகத் தடுத்து, கொக்கி போட்ட கதவு வைத்துத்தான் என்னால் அதை வைக்க முடிந்தது. அவள் தெரியாமல் தொட்டுவிடக்கூடாதே என்று அப்போதும் நினைத்தேன். அவளுக்கு ஒன்று ஆக நான் விடுவேனா?

விடிந்ததும் அந்தத் தூளைச் சீனி டின்னில் போட்டுக் கலந்தேன். டின்னை அதன் குழியிலேயே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். கோகிலா அதைத் தொட்டாலும் வாயில் வைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேண்டுதல் என்றால் அவளுக்கு வேண்டுதல்தான். சிவகாமி அக்காள் சில நாள் காலையில் கிண்ணத்தோடு வந்து சீனி கேட்பதுண்டு. அதையும் யோசித்தேன். அன்று அவர் வரவில்லை.

வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, காப்பி குடித்த மச்சான் சுருண்டு விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னான். வீட்டில் எல்லாரும் முன்கூடத்தில் மச்சானைச் சுற்றி நின்றார்கள். நான் நேரே பின்னால் போய், டின்னைக் காலிசெய்து கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் புதுச் சீனி போட்டேன். ஈரத்தோடு போட்டால் கட்டியாகிவிடும். முன்கூடத்தில் கோகிலாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "மூணு கீறல்தான் எண்ணினேன். அக்கா, மூணுதான் எண்ணினேன்." நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு கோகிலா, கண்ணு தெரியாதவ நீ. ஒன்ன யாரும் குறை சொல்லமாட்டாங்க" என்றேன். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. நான் தண்ணீர் கொடுத்தால் முகர்ந்து பார்க்கிறாள். "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க" என்கிறாள். சோற்றையும் அப்படித்தான். நானும் குடித்துக் காட்டுகிறேன், சாப்பிட்டுக் காட்டுகிறேன், பாவம். ஒருநாள் மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தேன். அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கட்டைவிரல் மூன்று கீறல்மேல் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. பிறகு குனிந்து அடித்தட்டின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள், திறந்தாள், பூட்டினாள். நான் மூச்சுகூட விடவில்லை. அப்படியிருந்தும் என் பக்கம் திரும்பினாள். "யாரு?" என்றாள். நான்தான் என்றதும் பின்னாலேயே நகர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். தன் கையைக் கண்டு தனக்கே பயம், வேறென்ன?

ஆஸ்பத்திரிப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டாள் என்று நினைக்கிறேன். அந்த வகையில் எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. பெட்டியும் இல்லை. சிவகாமி அக்காள் வீட்டில் இருந்தாள், கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. "ஜாங்கான் தாக்குட், கோகிலா, ஜாங்கான் தாக்குட்" என்று அந்த அம்மா பயப்படாதே பயப்படாதே எனச் சொல்வது வெளியே கேட்டது. நான் கதவைத் தட்டி, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோகிலா பேசினாள். வார்த்தை தெளிவாக வந்தது.

"நான் மூணு கீறல்தாங்க எண்ணினேன். எங்கை தப்பல. நீங்க செஞ்ச அலமாரியில தப்பு வருமா?"

அப்படியே நெகிழ்ந்துபோய்விட்டேன், ஐயா. நீங்கள், பிணத்தைப் பரிசோதித்த டாக்டர், விசாரணை செய்த பெரிய மனிதர்கள் எல்லாரும் குறை சொன்ன அலமாரியை அவள் ஒருத்தி விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை நடந்தபிறகும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையில் பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தேவதாஸைக் கொன்றது நான். சீனியில் மருந்தைக் கலந்தது நான். கோகிலா சரியான கீறலைத்தான் எண்ணினாள், சரியான டின்னைத்தான் எடுத்தாள். அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, அலமாரியில் குறை இல்லை என்று தெளிவாகப் போடுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன்.

முடிந்ததும் பலகையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா. இருட்டுவதற்குள் கொண்டுபோய் மாட்டவேண்டும். அவள் திரும்பி வந்து தடவும்போது அது அங்கே இல்லாவிட்டால் பயந்துவிடுவாள்.