பார்த்து அழிக்கவும்

ஹலோ... ஆமா சார், நான்தான்... மெதுவாத்தான் பேச முடியும், விசாரணை ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன்... மூணு மணின்னாங்க, இன்னும் கூப்பிடல...

அவரா? பக்கத்து நாற்காலிலதான் இருக்காரு, நம்ம கூலிங் ஆபரேட்டர் அண்ணன்... நல்லாத்தான் இருக்காரு. ஒன்பது நாளா வேலையை விட்டு நிறுத்தி வச்சா ஒரு மனுஷன் எப்படி இருப்பாரோ அப்படி. சவரம் பண்ணிட்டு வந்திருக்காரு.

ம்... சரி... ம்... சொல்லுங்க...

இல்ல சார், டிஸ்க் கெட்டுப்போகல. கெட்டுப்போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? மருந்துக் கிடங்கு கூலிங் மெஷினோட லாக், அது தானா எழுதி வச்ச பதிவெல்லாம் அழிஞ்சதுக்குக் காரணம் நான் எழுதின வழிகாட்டி... ஆமா, லாக் அழிக்கிற டூலுக்கு எழுதினது. ஏஐ ஏஜென்ட் படிச்சு நடந்துக்கணும்னு கேட்டீங்களே... ஆமா, ஆமா, ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னீங்க. போகல.

ஏழாவது வரி சார். "பழைய லாக்குகளைப் பார்த்து அழிக்கவும்"... என்ன தப்பா? மனுஷங்களுக்கு எழுதுற மாதிரி எழுதிட்டேன். பார்த்துப் போங்க, பார்த்து இறங்குங்கன்னா நமக்குப் புரியும். அது ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துச்சு. பார்த்துட்டு அழிச்சுடுச்சு... பதினோரு செகண்ட்... பழசுன்னா எதுன்னு நான் சொல்லல. முந்தின நாள் எழுதினதும் அதுக்குப் பழசுதான்... இல்ல சார், அதைத் திட்டி என்ன பண்றது? நம்ம ஆபீஸ்ல நான் எழுதின எதையும் யாரும் முழுசாப் படிச்சதில்ல. அது படிச்சிருக்கு. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட... சாரி சார்.

தெரியும்... தெரியும் சார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஷின் நின்னுச்சு, அவ்வளவு மருந்தும் வீணாப்போச்சு. இவரு தூங்கிட்டாருன்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்க. மறுபடி ஓடவைக்கிற பொத்தானை அழுத்தினேன், மெஷின் எந்திரிக்கலன்னு இவரு சொல்றாரு. லாக் இருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

என்னது?... திரும்பச் சொல்லுங்க... "முப்பது நாள் ஆகாத லாக்கைத் தொடாதே". நல்ல வரி சார். காலைலயே வழிகாட்டில இன்னைக்குத் தேதி போட்டு சேத்துட்டேன்... போன மாசத் தேதியா?... ஓ... அப்ப ஏஜென்ட் பேச்சு கேக்காம அழிச்சதா ஆயிடும்... ஆமா, டூல் செஞ்ச கம்பெனி தலைல விழும்... எனக்கும் ஒண்ணும் ஆகாது, உங்களுக்கும்... புரியுது சார், எல்லாருக்கும் நல்லது. இவரைத் தவிர.

இல்ல சார். போடமாட்டேன்... கோபமெல்லாம் இல்ல... வேலை போகும்னு தெரியும். வீட்டுல சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்ப நாளைக்கு அலாரம் வைக்க வேண்டாமான்னு கேட்டாரு.

சார், ஒரு நிமிஷம்... நான் சொல்லி முடிச்சுடறேன்... ஒரே நிமிஷம். லாக் போனது போனதுதான். ஆனா எதையெல்லாம் பார்த்துச்சுன்னு ஏஜென்ட் குறிப்பு எழுதி வச்சிருக்கு... ஆமா, செஞ்சதை எழுதி வைன்னு கடைசி வரில போட்டிருந்தேன்... காலைலதான் பார்த்தேன். நாப்பது பக்கம். முப்பத்தொண்ணாவது பக்கம், படிக்கட்டுமா? "செவ்வாய், 12:40. பொத்தான் மூன்று முறை அழுத்தப்பட்டது. இயந்திரம் இயங்கவில்லை. 12:43, நான்காவது முறை. 12:44, இயந்திரத்தின் அவசரத் தொலைபேசியிலிருந்து மேலாளருக்கு அழைப்பு. எடுக்கப்படவில்லை. பழையது. அழித்தேன்."

ஹலோ?... இருக்கீங்களா?... ஆமா, மேலாளர்னா நீங்கதான். பேர் இல்ல. நம்பர் இருக்கு... மீட்டிங்ல இருந்தீங்களா? அதைச் சொல்லலாமே சார். இருந்திருந்தா.

இவருகிட்டயா? காட்டிட்டேன். ரெண்டு தடவை படிச்சாரு. நாலு தடவைதான் அழுத்தினேனா, பத்து இருக்கும்னு நெனச்சேனேன்னாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. இன்னும் துடைச்சிட்டிருக்காரு.

அழிக்கவா?... அழிக்கத் தெரியும் சார், எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? காலைலயே அச்செடுத்து விசாரணை அதிகாரி மேடம் கைல கொடுத்துட்டேன்... மூணு பிரதி.

நீங்க இப்ப போன் பண்ணினதையா? நானாப் போய்ச் சொல்லமாட்டேன். கேட்டா சொல்லுவேன்... கேப்பாங்கன்னுதான் நெனைக்கறேன். கதவைத் திறந்துட்டு மேடம் கொஞ்ச நேரமா என் எதிர்லயேதான் நிக்கிறாங்க... சார், ஒரு நிமிஷம் இருங்க... சொல்லுங்க மேடம்... அப்படியா?... அண்ணே, கேட்டீங்களா? திங்கக்கிழமை வேலைக்கு வரலாமாம்... ஆமாண்ணே, உங்களைத்தான்... எனக்கா? எனக்கு அப்புறம் சொல்றாங்களாம், நீங்க உக்காருங்க.

சார், இருக்கீங்களா? மேடம் உங்ககிட்டப் பேசணுமாம். போனைக் குடுக்கறேன்...

ஹலோ?... சார்?...

வச்சுட்டாரு மேடம்.