பேசும் கோழிக்குப் பேச்சுத் துணை

எங்கள் கடையில் கோழி சமைப்பதில்லை. முழுக்கக் காய்கறிச் சாப்பாடு. பிறகு எதற்கு நெடுஞ்சாலையைப் பார்த்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கோழி என்று எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். பத்திரிகையில் அதன் வரலாற்றை எழுதப்போகிறீர்கள், சந்தோஷம். முதலில் சாப்பிடுங்கள் தம்பி, சொல்கிறேன்.

நான் கேட்டது மயில். கொத்தனாருக்குக் கைவந்தது கோழி. உள்ளே வெற்றிடம், வாலுக்குக் கீழே ஆள் நுழைய ஒரு கதவு, அலகில் ஒரு திறப்பு. உடைந்த நாற்காலிகளை அதற்குள் போட்டுவைக்கலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இன்னொரு வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றான். நல்ல பையன், ஆனால் காலில் சக்கரம். "அவன் ஒரு எடத்துல நெலையா உக்காந்தா போதுங்க, எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று என் மனைவி அழாத நாளில்லை. அவள் அழுதால் எனக்குத் தாங்காது. கோழிக்குள் உட்கார்ந்து, போகிறவர்களைக் கூப்பிடச் சொன்னேன்.

அவனுக்கு வாய் காதுவரை. லாரிக்காரர்களை வம்புக்கு இழுப்பான், காரில் போகிறவர்களின் சட்டையைக் கிண்டல் செய்வான். அதில் எல்லோருக்கும் பிடித்தது ஒன்று. "நானும் மனுசந்தாங்க, இந்தக் கடை மொதலாளி என்னைக் கோழிக்குள்ள அடைச்சு வச்சிருக்கான், காப்பாத்துங்க" என்று ஒப்பாரி வைப்பான். குழந்தைகள் உருண்டு சிரிக்கும். ஈயோட்டிக்கொண்டிருந்த கடையில் உட்கார இடமில்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் வந்து, எதிர்ப்பக்கம் தானே கடை போடப்போவதாகச் சொன்னான். "எனக்கு வாய் இருக்கு மாமா, பொழச்சுக்குவேன். ஒரு வாத்து கட்டப்போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கூட்டம் அவன் வாய்க்குப் பின்னாலேயே போய்விடும், நான் மறுபடி ஈயோட்டுவேன். கடைசியாக ஒருமுறை பேசிவிட்டு வருகிறேன் என்று அவன் உள்ளே போனதும், கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவைச் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தான் பூசினோம். ஒரு டிரைவர் கலவைச் சட்டியை எடுத்துக்கூடக் கொடுத்தார்.

அவன் கத்தினான். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, தினமும் சொன்னதைத்தான் சொன்னான். கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் தட்டு அலகு வழியாக அவனுக்குத்தான். மின்விசிறி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. என் மனைவி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணியில் ஏறி அலகுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். "இப்பத்தாங்க ஒரு எடத்துல இருக்கான்" என்றாள்.

சிரிக்கிறீர்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைப்பவனில்லை.

ஒரே ஒரு கவலை. கொஞ்ச நாளாக அவன் வாயைத் திறப்பதில்லை. தட்டு மட்டும் காலியாக வெளியே வருகிறது. கூட்டம் குறைகிறது. "பாவம், தனியா கெடக்கான், பேச்சுத் துணைக்கு ஆளில்ல" என்கிறாள் என் மனைவி. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

இது உங்களுக்கு ஐந்தாவது பத்திரிகை என்றீர்கள். எதிலும் நிலைக்கவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம் என்றும் சொன்னீர்கள். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. குரல் வேறு உங்களுக்குக் கணீரென்று இருக்கிறது.

உள்ளே போய் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றீர்களே, அதற்காகத்தான் கொத்தனார் வாலுக்குக் கீழே நாலு செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வழியாக மச்சினன் வெளியே வந்துவிடுவான் என்ற பயம் வேண்டாம். அவன் இப்போது அதில் நுழைய மாட்டான், எங்கள் சாப்பாடு அப்படி. நீங்கள் ஒல்லி.

கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், கலவை இறுகுவதற்குள் போய்விடலாம்.