கண்ணாடிக் கதவுக்கு வெளியே எக்ஸ்ரே மெஷின்

— ரோடெல், போன்ல கேக்குதா? காய்ச்சல் வார்டுக்கு உள்ள நீ, வெளிய நானும் எக்ஸ்ரே மெஷினும், நடுவுல கண்ணாடிக் கதவு! ஏசப்பா, இது பலிக்கணும்!

— கேக்குது நெனிதாக்கா. செபு ஊருக்கே கேக்குது.

— நெனிதா, விளையாட்டு வேணாம். கண்ணாடி வழியா எடுத்தா படம் மங்கும்னு முன்னாடியே சொல்லிட்டேன். ஒரு தடவதான். மங்குச்சுன்னா மெஷின் பழையபடி உள்ள போகும்.

— உள்ள போயிப் போயித்தானே டாக்டரம்மா, அதத் துடைச்ச பெர்னிக்கு காய்ச்சல் ஒட்டிச்சு? இப்ப அவனே உள்ள கிடக்கான். அடுத்து துடைக்கப் போறது நம்ம ரோடெலு. வீட்டுல கைக்குழந்த வச்சிருக்கான்.

— அதுக்குத்தான் சரின்னேன். படம் விழுற பிளேட்ட நானே ரெண்டு பிளாஸ்டிக் பை போட்டுச் சுத்திக் குடுத்திருக்கேன். ரோடெல், பிரிக்காத.

— தொடவே இல்லீங்க டாக்டர். பெர்னியண்ணன் முதுகுக்குப் பின்னாடி அப்படியே வச்சாச்சு. கழுத்துச் சங்கிலியும் கழட்டியாச்சு. படம் நல்லா வந்தா முழுப் பன்னி சுட்டு விருந்து வைக்கிறாராம்.

— முதல்ல மூச்ச இழுக்கச் சொல்லு அவன! நீ தள்ளிப் போ! அப்படியே பிடி பெர்னி, பிடி... எடுத்தாச்சு!

— வந்துச்சாக்கா?

— வருதுடா, வருது! எலும்பெல்லாம் எண்ணலாம் போல இருக்கே! டாக்டரம்மா, இங்க பா... ஏசப்பா. நுரையீரல்ல என்ன இது, வெள்ளையா?

— என்னக்கா? அண்ணன் என் மூஞ்சியவே பாக்குறாரு. என்ன சொல்றது?

— இரு, இரு, பெருசாக்கிப் பாக்குறேன்... அட, இதுக்குக் கிரீடம் இருக்கு! பல்லு பல்லாத் தெரியுது! குழந்தை இயேசு பதக்கம்டா! கழட்டிட்டேன்னியே தடியா!

— சத்தியமா கழட்டினேன்க்கா! அண்ணன் சங்கிலி இந்தா, என் கையில. வெறும் சிலுவதான். என்கிட்டயும் பதக்கம் கிதக்கம் எதுவும் இல்ல.

— பின்ன பறந்தா வந்துச்சு? எப்படியோ வரட்டும். டாக்டரம்மா, கிரீடத்துப் பல்லுகூடத் தெரியுதே, இதப் போயி மங்கல்னு சொல்லுவீங்களா?

— சொல்ல மாட்டேன். மெஷின் இனிமே வெளியதான் நிக்கும். வேற பிளேட்டு சுத்தித் தர்றேன், இன்னொரு படம் எடுங்க.

— கேட்டியா ரோடெலு! துடைக்க வேணாம்டா உனக்கு! என்ன டாக்டரம்மா, ஏன் கண்ணத் துடைக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. ரோடெல், அந்தப் பழைய பைய மட்டும் குப்பையில போட்றாதப்பா. படம் நல்லா வரணும்னு எங்கம்மா பதக்கத்த நான்தான் உள்ள வச்சேன்.