வலது கைக்கு ஓய்வு

கட்டுப் போட்ட அன்று எங்கள் கொடைக்கானல் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சேனாதிபதியாகிய நான். என் மனைவி பாப்பம்மாள். மகள் ஜெயப்பிரியா. அவளுக்கு எடைப் பயிற்சி கொடுத்த ஷர்மிளா. கிளாவரையிலிருந்து காரட் லாரியில் வந்து இறங்கிய எலும்பு வைத்தியர் அழகுமலை. மகன் சிவமுருகன் பழனியில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் பங்கில்லை. காலையிலிருந்து மழை. பாப்பம்மாள் எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள்.

அழகுமலையை நீங்கள் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். எங்கள் வீட்டுக் காரியத்துக்கு வேறொருவர் சிறைக்குப் போவது எங்களுக்கு மரியாதை அல்ல.

ஜெயப்பிரியாவுக்குப் பிறவியிலேயே இடது கை மெலிவு. பிரசவம் சிரமமாக இருந்தது. இழுத்தெடுத்தபோது தோளில் ஏதோ நரம்பு அடிபட்டதாகச் சொன்னார்கள். முழுக்கை சட்டை போட்டால் தெரியாது. நிச்சயதார்த்தம் வரை அது வெளியே தெரிந்ததும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு ஜோடி வங்கி இருக்கிறது. மேற்கையைக் கவ்வி நிற்கும் கெட்டி நகை. வீட்டுப் பெண் நிச்சயத்தன்று அதை அணிந்து சபை நடுவில் நிற்க வேண்டும். என் அம்மா நின்றாள், என் தங்கைகள் நின்றார்கள். பாப்பம்மாள் மகளுக்குப் போட்டுவிட்டாள். வலது கையில் நின்றது. இடது கையில் நழுவி, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்தார்.

“ஆத்தி, வங்கின்னு சொன்னாக, வளையலால்ல கெடக்கு!”

“விடுங்கத்தே, ஒண்ணுக்கு ரெண்டா நகை வருதுன்னு சந்தோசப்படுங்க” என்றார் மாப்பிள்ளை பழனிக்குமார்.

சபை சிரித்தது. என் மகளும் சிரித்தாள். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்குப் பட்டது.

“ஆசாரிகிட்டக் குடுத்து ஒண்ண மட்டும் சின்னதாக்கிருவோம்ங்க. ஒரு நாள் சோலி” என்றாள் பாப்பம்மாள்.

நகையைக் கைக்காக வெட்ட நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் கைக்கும் பொருந்திய நகை அது. கைதான் பொருந்த வேண்டும்.

பழனியில் பெண்பிள்ளை இரும்பு தூக்கப் போனால் அடிவாரம் முழுக்கப் பேசும். அதனால்தான் கொடைக்கானலில் வீடு எடுத்தேன். ஷர்மிளா கெட்டிக்காரப் பெண். இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கும் நீளக் கம்பியைத் தரவில்லை. அதில் பலமான கை பலவீனமான கையின் வேலையையும் திருடிக்கொள்ளும் என்றாள். தனித்தனி டம்பெல் கொடுத்தாள்.

“வீக் சைடுதான் ஃபர்ஸ்ட் சார். லெஃப்ட் எத்தனை தடவ தூக்குதோ, ரைட்டும் அத்தனைதான். அதுக்கு மேல முடிஞ்சாலும் ரைட் சும்மா இருக்கணும்.”

நியாயமான பேச்சு. வாரந்தோறும் நானே தையல் நாடாவால் இரு கைகளையும் அளந்தேன். இடது கை தேறியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயப்பிரியாவுக்கு அந்தப் பயிற்சியில் ருசி விழுந்துவிட்டது. ஷர்மிளா அந்தப் பக்கம் திரும்பினால் வலது கையால் பெரிய டம்பெல்லை எடுத்துவிடுவாள். இடது ஒரு நூல் ஏறினால் வலதும் ஒரு நூல் ஏறியது. ஒருநாள் வலது கைக்கே வங்கி ஏறவில்லை.

“அப்பா, மாவட்டப் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன். எடை தூக்குறதுல. என் கையப் பாருங்களேன், கல்லு மாதிரி இருக்குல்ல?”

அவ்வளவு மகிழ்ச்சியாக அவள் என்னிடம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. நாடாவை மடித்து வைத்தேன்.

ஷர்மிளாவிடம் கேட்டேன். இரண்டும் சமமாக ஒரு வருடமாவது ஆகும் என்றாள். “கொஞ்சம் டிஃபரன்ஸ் எல்லாருக்கும் இருக்கும் சார். உங்களுக்கே இருக்கும், அளந்து பாருங்க.” நான் அளந்து பார்க்கவில்லை. எனக்கு இருக்காது.

நான் தராசு பிடித்து வளர்ந்தவன். இரண்டு தட்டும் சமமாக வேண்டுமென்றால், தாழ்ந்த தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்தாலும் போதும். இது எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும்.

ஐப்பசி மழையில் பயிற்சிக்கூடத்து வாசலில் வழுக்கி, வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். ஷர்மிளாதான் வீட்டுக்கு அழைத்து வந்தாள்; ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றாள். நான் அழகுமலைக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் கையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“புள்ள கையா இது, கடப்பாரையால்ல இருக்கு! வெறும் சுளுக்குத்தாங்க. எண்ணெய் போட்டு நீவினா நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு இரும்பத் தூக்கும்.”

மேற்கை வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டச் சொன்னேன்.

“ஒடியாத கைக்குப் பத்தை எதுக்குங்க?”

“கட்டாமல் விட்டால் சும்மா இருக்க மாட்டாள்” என்றேன். அது உண்மை. ஜெயப்பிரியாவே சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். தோளுக்குக் கீழேயிருந்து விரல் கணு வரை பத்தை வைத்து, விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டினார். இரண்டு நாளில் அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு, மழை வலுப்பதற்குள் கிளம்பினார்.

மறுநாள் காலை அவள் பல்லால் ஒரு முடிச்சைத் தளர்த்தியிருந்தாள். நான் கட்டை முழுதாக அவிழ்த்து மறுபடி கட்டினேன். மூட்டை கட்டிப் பழகிய கை. என் முடிச்சு நழுவாது. அதற்கடுத்த காலையிலும் துணியை இழுத்துச் சரிசெய்தேன். பத்தைக்கு நடுவே சதை கொஞ்சம் புடைத்திருந்தது. புடைப்பதைத்தானே தடுக்க வேண்டும் என்று இன்னொரு சுற்று சுற்றினேன்.

இடது கையால் அந்த முடிச்சை அவிழ்க்க அவள் வெகுநேரம் முயன்றாள். முடியவில்லை. அந்தக் கைக்கு அதுவும் நல்ல பயிற்சிதான் என்று நினைத்தேன்.

பாப்பம்மாள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். “ஏங்க, வெரல் கருத்துப் போயிருக்குங்க. தொட்டா சில்லுன்னு இருக்கு.” கொடைக்கானலில் யார் விரல்தான் சில்லென்று இருக்காது என்றேன். கத்தரிக்கோலை வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். போட்டி நடக்கும் நாள் கடந்தால் போதும், பிறகு அவிழ்க்கலாம் என்று கணக்கு வைத்திருந்தேன். ஷர்மிளா பார்க்க வந்தபோது மகள் தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் பாப்பம்மாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டிருக்கிறாள். முப்பத்தாறு ஆண்டுகளில் என்னிடம் சொல்லாமல் அவள் செய்த ஒரே காரியம் அது. சிவமுருகன் மலையேறி வந்து, அரிவாள்மணையில் துணியை அறுத்து, தங்கையைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வளர்ப்பு அப்படி, பெரியவர்களை எதிர்த்துப் பேச மாட்டான்.

கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே இதை எழுதிக்கொள்ளுங்கள். அழகுமலை கட்டியது தளர்வான கட்டு. அவர் சொன்னபடி இரண்டு நாளில் அவிழ்த்திருந்தால் கை இருந்திருக்கும். அவிழ்க்காதவன் நான். இறுக்கியவனும் நான். கோபத்தில் செய்யவில்லை. மகள்மேல் எனக்கு என்றைக்கும் கோபம் இருந்ததில்லை.

பழனிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. என்மேல் மரியாதை உள்ளவர்கள் கிளப்பியது. அந்தப் பெண் குடும்ப மானத்துக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு வாயே திறக்கவில்லையாம். அதனால் அப்பனுக்குத் தெரியவில்லையாம்.

அது தவறு. தினமும் காலையில் சொன்னாள். கடைசி நாள் என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.